தட்டிப் பார்த்தா தெரியாது மச்சி!

காஞ்சிபுரத்தில் ஒரு சொந்தக்காரக் கல்யாணம். பந்தி முடிஞ்சு, வெத்தலைப் பாக்கோட எல்லாரும் மண்டபத்து வாசலுக்கு வர்றோம். அங்கே நின்ன ஒரு புத்தம் புது கார் பானெட்டை எங்க பெரியப்பா விரலை மடக்கி 'டங்... டங்...'னு தட்டினார்.

"தகரம்டா! அந்தக் காலத்து அம்பாஸடர் மேல யானையே ஏறி நிக்கலாம். இதுல எருமை மாடு உரசினாலே ஒடுங்கிரும். எல்லாம் உங்க ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆளுங்க கைவரிசைதானே!"ன்னு சித்தப்பாவைப் பார்த்துக் கண்ணடிச்சார். எல்லாரும் சிரிச்சாங்க. சித்தப்பா மட்டும் சிரிக்கலை.

சித்தப்பாவுக்கு அந்த ரோட்டில் 14 வருஷ சர்வீஸ். பல கார் கம்பெனிகளுக்கு பாடி பாகங்கள் செஞ்சு கொடுக்கிற ஒரு வெண்டார் கம்பெனியில் வெல்டிங் குவாலிட்டி செக்கிங் வேலை. நானோ மெக்கானிக்கல் மூணாவது வருஷம். அடுத்த வருஷம் கேம்பஸ் இன்டர்வியூவுக்கு டை கட்டி உட்காரும்போது, எதிரே உட்காரப் போறது பெரும்பாலும் இதே ரோட்டுக் கம்பெனிகள்தான். பெரியப்பா சொன்னது நிஜமா இருந்தா, நாளைக்கு நானும் ஒரு தகர டப்பா இன்ஜினீயர்!

"ஒரகடம் ரூட்டுல ஒரு ரவுண்டு போயிட்டு வர்றேன் சார்"னு ஆபீஸில் கேட்டேன். "போ... ஆனா 'ஆசியாவின் டெட்ராய்ட்'னு மட்டும் ஆரம்பிச்சிடாதே!"ன்னாங்க. சரி, ஆரம்பிக்கலை.

பஸ்ஸுக்கு முன்னாடி பஸ்

காலையில் 5.40. பூந்தமல்லியில் காஞ்சிபுரம் பஸ் பிடிச்சு ஜன்னலோரம் உட்கார்ந்தேன். செம்பரம்பாக்கம் ஏரி பக்கம் குளிர்காத்து. அதைத் தாண்டினா தண்டலம். அதுக்கப்புறம் ரோடு முழுக்க பஸ்தான். நம்ம பஸ்ஸுக்கு முன்னாடி ஒரு கம்பெனி பஸ், பின்னாடி ஒரு கம்பெனி பஸ். உள்ளே பாதிப் பேர் வாயைப் பிளந்து தூங்குறாங்க. மீதிப் பேர் செல்போனில் ரீல்ஸ் பார்க்கிறாங்க. எல்லாரும் ஒரே கலர் சட்டை, கழுத்தில் டேக்.

இருங்காட்டுக்கோட்டை வந்தது. 1996-ல் ஹூண்டாய் இங்கே கடை விரிச்சு, 1998-ல் முதல் சான்ட்ரோவை விட்டது. 'குட்டையா, உயரமா, இது என்னடா கார்?'னு சிரிச்ச ஊரே அப்புறம் க்யூவில் நின்னு வாங்கினது வேற கதை. 2000-ல் செயின்ட் கோபைன் கண்ணாடித் தொழிற்சாலை வந்தது. 2006-ல் நோக்கியா வந்தது. 2014-ல் நோக்கியா பூட்டிக்கிட்டுப் போனதும் இதே ரோட்டில்தான்.

ஸ்ரீபெரும்புதூரில் இறங்கினா, ராமானுஜர் பிறந்த ஊர்ங்கிறதுக்கு அடையாளமா ஆதிகேசவப் பெருமாள் கோயில். அங்கிருந்து கொஞ்ச தூரம் நடந்தா கொரிய மொழியில் போர்டு வெச்ச ஹோட்டல். அதுக்குப் பக்கத்துல ஒடியா பேசுற பசங்க செல்போனுக்கு டெம்பர்டு கிளாஸ் ஒட்டிக்கிட்டிருக்காங்க. திருநெல்வேலி, செய்யாறு, கட்டாக், கயான்னு எல்லா ஊர்க்காரங்களும் இங்கே ஒரே டீக்கடையில் க்ளாஸைத் தூக்கிப் பிடிச்சு நிக்கிறாங்க.

சித்தப்பா நைட் ஷிஃப்ட் முடிச்சு வந்தார். கண்ணு சிவந்திருந்தது. "வாடா ரிப்போர்ட்டர்! முதல்ல டீ சொல்லு"ன்னார்.

ஸ்டேப்ளர் பாடம்

பஜ்ஜி மடிச்ச பேப்பரை ரெண்டா கிழிச்சார். கடைக்காரர்கிட்ட பில் புக் ஸ்டேப்ளரைக் கடன் வாங்கி, ரெண்டு துண்டையும் ஒண்ணா அடிச்சார். "பிடிச்சு இழு."

இழுத்தேன். பின் அப்படியே ஒரு பேப்பரில் நின்னது. இன்னொரு பேப்பரில் ஓட்டை.

"இது நல்ல வெல்டு. தகடு கிழியணும், வெல்டு பிரியக் கூடாது. பின் வாயைப் பிளந்துக்கிட்டு ரெண்டு பேப்பரும் முழுசா வந்துச்சுன்னா அது மொக்கை வெல்டு. நாங்க லாட்டுல ஒரு பீஸை எடுத்து இப்படித்தான் பிரிச்சுப் பார்ப்போம். மத்த பீஸை உடைக்க முடியாதுல்ல? அதுக்கு ரெண்டு தகட்டுக்கும் நடுவுல உளியைச் சொருகி சுத்தியால ஒரு தட்டு. விடுதா, நிக்குதான்னு பார்த்துட்டு, நிமித்திட்டு அனுப்பிருவோம்."

ஒரு கார் பாடியில் இப்படிச் சில ஆயிரம் ஸ்பாட் வெல்டு இருக்கு. பெரிய கம்பெனிகளில் பெரும்பாலானதை ரோபோ வைக்குது. அதுக்குப் போற சின்னச் சின்ன பாகங்களை சித்தப்பா மாதிரி ஆளுங்க இருக்கிற சின்னக் கம்பெனிகள் செஞ்சு அனுப்புது.

"அப்போ பெரியப்பா தட்டினது?"

"பெரியப்பா தட்டினது வெளித்தோல்டா. முக்கால் மில்லிமீட்டர்தான் இருக்கும். அது அழகுக்கு. உயிரைக் காப்பாத்துறது உள்ளே இருக்கிற எலும்புக்கூடு. கதவுத் தூண், சில்லு, முன்னாடி போற ரெண்டு நீளச் சட்டம். அதெல்லாம் பெரியப்பா விரலுக்குச் சிக்காது!"

நம்ம மெட்டலர்ஜி பேப்பரில் வர்ற அதே சமாச்சாரம்தான் ஃப்ரெண்ட்ஸ். சாதா இரும்புத் தகடும், சூடாக்கி அச்சில் அழுத்தி உடனே குளிர வைக்கிற போரான் ஸ்டீலும் பெயின்ட் அடிச்சுட்டா பார்க்க ஒண்ணுதான். ஆனா போரான் ஸ்டீலோட இழுவிசை வலிமை சுமார் 1,500 மெகா பாஸ்கல். சாதாத் தகட்டைப் போல நாலு மடங்குக்கு மேல. அதோட, காரோட மூக்கு நசுங்கத்தான் வேணும். மூக்கு நசுங்கி மோதலோட வேகத்தைத் தின்னாத்தான் நாம உட்கார்ந்திருக்கிற கூண்டு தப்பிக்கும். யானை ஏறினாலும் நசுங்காத வண்டி மோதினா, அந்த அடி நேரா நம்ம நெஞ்சுக்குத்தான் வரும்.

ஆகமொத்தம், தட்டிப் பார்த்தா ஒண்ணும் தெரியாது. மோதிப் பார்க்கணும்!

முட்டை மார்க் வாங்கின கதை

2014 ஜனவரி வரை நம்ம ஊர் கார்களை அப்படி மோதிப் பார்த்து ரிசல்ட்டை ஊருக்குச் சொன்னவங்க யாரும் இல்லை. காருக்குள்ளே டம்மி பொம்மையை உட்கார வெச்சு மோதிக் காட்டணும்னு நம்ம சட்டத்துலயும் அப்போ கட்டாயம் இல்லை. லண்டனைச் சேர்ந்த 'குளோபல் என்சிஏபி' அமைப்புதான் முதல்ல செஞ்சது. இந்தியாவில் விற்கிற 5 சின்ன கார்களோட ஏர்பேக் இல்லாத மாடலை எடுத்து மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில், முன்பக்கத்தில் 40 சதவீதம் மட்டும் படுற மாதிரி மோத விட்டாங்க. ஒரே எடையுள்ள ரெண்டு கார் ஆளுக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் நேருக்கு நேர் மோதினா எப்படியோ, அப்படி.

ஆல்டோ 800, நானோ, ஐ10, ஃபிகோ, போலோ. அஞ்சுக்கும் பூஜ்ஜியம் ஸ்டார்!

இதுல ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். என்சிஏபி ஸ்டார் மட்டும் கொடுக்கிறதில்லை. 'கூண்டு நின்னுச்சா, குலைஞ்சுச்சா?'ன்னும் தனியா ஒரு தீர்ப்பு சொல்லும். மறைமலை நகர் ஃபிகோவும் போலோவும் ஸ்டார் வாங்காட்டியும் கூண்டு நின்னது. ஏர்பேக் இல்லாததுதான் குறை. ரெண்டு ஏர்பேக் வெச்ச போலோவை மறுபடி மோதினப்போ 4 ஸ்டார் வாங்கிடுச்சு. ஆல்டோ, நானோ, நம்ம இருங்காட்டுக்கோட்டை ஐ10 மூணுக்கும் கூண்டே போதலைன்னுட்டாங்க.

அதே வருஷம் நவம்பரில் ஒரகடத்துக்கு வந்தது அடி. 2010-ல் திறந்த ரெனோ - நிசான் தொழிற்சாலையில் தயாரான டாட்சன் கோ காருக்கும் பூஜ்ஜியம். 'இந்தக் கூண்டு குலையுற குலைப்புக்கு ஏர்பேக் வெச்சாலும் பிரயோஜனம் இல்லை'ங்கிற அளவுக்கு விமர்சனம். குளோபல் என்சிஏபி தலைவரா இருந்த மேக்ஸ் மோஸ்லி, நிசான் தலைவர் கார்லோஸ் கோனுக்கே கடிதம் எழுதி, காரைச் சந்தையிலிருந்து வாபஸ் வாங்கச் சொன்னார். 'இந்தியச் சட்டத்துக்கு உட்பட்டுத்தான் செஞ்சிருக்கோம்'னு கம்பெனி பதில் சொன்னது. அது பொய் இல்லை. சட்டம் கேட்டதே அவ்வளவுதான்.

2016 மே மாசம் அதே தொழிற்சாலையின் சூப்பர் ஹிட் க்விட். அதுக்கும் முட்டை. ஏர்பேக் வெச்ச மாடலுக்கும் முட்டை. "அந்த வாரம் எங்க ரூம்ல ஆறு பேரும் அதைப் பத்தித்தான் பேசினோம்"னார் சித்தப்பா. "நான் அந்தக் கம்பெனியே இல்லை. ஆனா ஊருக்குப் போனா, 'என்னப்பா, வெல்டிங் ஒழுங்கா வைக்க மாட்டீங்களா?'ன்னு என்னைத்தான் கேட்டாங்க."

மூணு வகைத் தப்பு

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடத்துக்கு ஷேர் ஆட்டோ. மாம்பாக்கம், வல்லம்னு ஒவ்வொரு ஊராத் தாண்டுது. ஒருபக்கம் ஏரி, கொக்கு, எருமை. இன்னொருபக்கம் நீல நிறத் தகரக் கூரை, நடுவுல நடுவுல 'ரூம் வாடகைக்கு' போர்டு. ஆட்டோ குலுங்கின குலுக்கலில் சித்தப்பா தூங்கிருவார்னு நினைச்சேன். தூங்கலை. பாடம்தான் எடுத்தார்.

"தப்பு மூணு வகைடா. கைத் தப்பு, சாமான் தப்பு, கணக்குத் தப்பு."

கைத் தப்புன்னா வெல்டு சரியாப் பிடிக்காதது, போல்ட்டை முழுசா முறுக்காதது. "இல்லைன்னு சொல்ல மாட்டேன். லைன் நிக்கக் கூடாதுன்னு சூப்பர்வைசர் கத்துவார். மூணாவது நாளே புதுப் பையனை மெஷின்ல நிறுத்துவாங்க. ஒரு தடவை 200 பீஸை நான் நிறுத்தி வெச்சேன். 'நீ என்ன பெரிய இவனா?'ன்னு கேட்டாங்க. மறுநாள் பிரிச்சுப் பார்த்தா பாதி வெல்டு காலி. யாரும் சாரி சொல்லலை. ஆனா அந்த லாட்டு வெளியே போகலை. அது போதும்."

சாமான் தப்புன்னா வாங்கிப் போட்ட பாகமே சரியில்லாதது. ஆட்டோ தாண்டின வல்லம் வடகாலிலும், போய்ச் சேரப்போற ஒரகடத்திலும் தொழிற்சாலை வெச்சிருக்கிற ராயல் என்ஃபீல்டே இதுக்கு உதாரணம். நம்ம பசங்களின் கனவு வண்டி! இக்னிஷன் காயிலில் கோளாறுன்னு 2021 மே மாசம் 2,36,966 பைக்குகளைத் திரும்ப அழைச்சாங்க. 'ரீகால்'னா கேவலம்னு நாம நினைக்கிறோம். உண்மையில் தப்பை ஒத்துக்கிட்டு, எந்த மாசம் செஞ்ச வண்டின்னு தேடிப் பிடிச்சுக் கூப்பிடுறதுதான் மரியாதை.

மூணாவதுதான் கணக்குத் தப்பு. "டிராயிங்ல இவ்வளவு தடிமன், இந்த ஸ்டீல், இத்தனை வெல்டுன்னு எழுதியிருக்கும். நாங்க அதுல ஒரு புள்ளி குறைக்காமச் செஞ்சு கொடுப்போம். நூத்துக்கு நூறு ஓ.கே. ஆனா டிராயிங்கே விலையைப் பார்த்துப் போட்ட டிராயிங்னா? அந்தக் காரு மோதினா குலையத்தான் செய்யும். அதுல வெல்டர் என்ன பண்ணுவான்?"

எனக்குச் சுரீர்னு இருந்தது. ஏன்னா, வெல்டு வைக்கிறது சித்தப்பா. டிராயிங் போடப் போறது நான். நீங்க. நாமதான்.

அதே ரோடு, அதே கை

ஒரகடம் கூட்டு ரோடு. மேம்பாலத்துக்குக் கீழே இளநீர் குடிச்சோம். வாலாஜாபாத் ரோட்டில் புத்தம் புது லாரி கேபின்கள் வரிசையாப் போகுது. 2012-லிருந்து இங்கே டெய்ம்லர் தொழிற்சாலையில் பாரத்பென்ஸ் லாரி தயாராகுது. பக்கத்தில் அப்போலோ டயர்ஸ். இன்னொரு பக்கம் மத்திய அரசின் வாகன ஆராய்ச்சி மையமான ஜி.ஏ.ஆர்.சி. நம்ம ஊர் கார்களை ஜெர்மனிக்குக் கொண்டுபோய் மோதிப் பார்த்த காலம் போய், மோதிப் பார்க்கிற வசதி ஒரகடத்துக்கே வந்திருக்கு. கேட் வரைக்கும் போனேன். செக்யூரிட்டி அண்ணன் ரொம்ப அன்பா, "லெட்டர் இருக்கா தம்பி?"ன்னார். திரும்பிட்டேன்.

கேட்டுக்கு வெளியே நின்னு ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். பூஜ்ஜியம் வாங்கின க்விட், பிரேசிலில் 2017-ல் பாடியைப் பலப்படுத்தி, 4 ஏர்பேக்கோட வந்தப்போ லத்தீன் என்சிஏபியில் 3 ஸ்டார் வாங்கிடுச்சு. பேர் ஒண்ணு, முகம் ஒண்ணு, எலும்பு வேற.

'பிரேசில்காரன் கை சுத்தம், நம்ம கைதான் மோசம்'னு யாராவது சொல்லலாம். அதுக்கும் பதில் இருக்கு. ஒரகடத்தில் அதே தொழிற்சாலையில் தயாரான ரெனோ ட்ரைபர் 2021-ல் குளோபல் என்சிஏபியில் 4 ஸ்டார். 2022-ல் நிசான் மேக்னைட், ரெனோ கைகர் ரெண்டும் 4 ஸ்டார். டெஸ்ட்டை இன்னும் கடுமையாக்கின பிறகு, 2025-ல் 6 ஏர்பேக்கோட வந்த மேக்னைட் 5 ஸ்டார். முட்டை வாங்கின ஐ10 பிறந்த இருங்காட்டுக்கோட்டையிலிருந்து போன வெர்னா 2023-ல் 5 ஸ்டார்.

அதே ரோடு, அதே கம்பெனி பஸ், அதே கேன்டீன் சாம்பார், சித்தப்பா மாதிரி அதே ஆளுங்க. மாறினது டிராயிங். டிராயிங்கை மாத்த வெச்சது சட்டமும் சத்தமும். 2017 அக்டோபரிலிருந்து புது மாடல்களுக்கு மோதல் சோதனை கட்டாயம். 2019 ஜூலையிலிருந்து டிரைவர் ஏர்பேக் கட்டாயம். 2022 ஜனவரியிலிருந்து பக்கத்து சீட்டுக்கும் கட்டாயம். 2023 அக்டோபரில் நமக்குன்னே பாரத் என்சிஏபி வந்தது. 'தகரம்'னு பானெட்டைத் தட்டினவங்களால இது எதுவும் வரலை. மோதி, அளந்து, நம்பரோட சொன்னவங்களால வந்தது. குறை சொல்றதிலும் ஃபெயில், பாஸ் உண்டு மச்சி!

ஒரு சொகுசுக் கப்பலும் எங்க வீட்டுக் காரும்

'காசு குறைச்சலா வாங்கினா இப்படித்தான்'னு ஒரு கட்சி இருக்கும். அவங்களுக்காக ஒரு பணக்காரக் கதை. 2024 ஆகஸ்ட் 19. இத்தாலியில் சிசிலிக் கடலோரம் நங்கூரம் போட்டு நின்ன 'பேசியன்' என்ற 56 மீட்டர் சொகுசுப் படகு ஒரு புயல் காத்தில் கவிழ்ந்து மூழ்கிடுச்சு. 22 பேரில் 7 பேர் இறந்தாங்க. அதில் பிரிட்டிஷ் கோடீஸ்வரர் மைக் லிஞ்சும் அவர் மகளும் உண்டு. அதைக் கட்டின நிறுவனத்தை இப்போ வெச்சிருக்கிற குழுமத்தின் தலைவர், 'படகில் குறை இல்லை, தப்பு ஊழியர்கள் மேல'ன்னார். 2025 மே மாசம் பிரிட்டிஷ் விசாரணைக் குழுவின் இடைக்கால அறிக்கை வந்தது. இன்ஜினில் போகும் நிலையில், பக்கவாட்டில் சுமார் 63 நாட் வேகத்துக்கு மேல காத்து அடிச்சா படகு கவிழலாம். இந்தப் பலவீனம் படகில் வெச்சிருந்த கையேட்டில் இல்லை. அதனால முதலாளிக்கும் தெரியாது, மாலுமிக்கும் தெரியாது.

கோடிகளில் வாங்கினாலும், லட்சங்களில் வாங்கினாலும், எங்கே உடையும்ங்கிறதை வாங்குறவனுக்குச் சொல்லலைன்னா ரெண்டும் ஒண்ணுதான்.

எங்க வீட்டிலும் ஒரு கார் இருக்கு. எங்கே செஞ்சது, என்ன பேர்ங்கிறது இங்கே தேவை இல்லை. 2016-ல் அப்பா வாங்கினது. அப்போ நான் ஆறாவது. 'டிரைவர் ஏர்பேக் வேணும்னா கொஞ்சம் கூடுதலாகும் சார்'னு ஷோரூமில் சொன்னாங்க. அப்பா யோசிச்சார். அந்தக் காசுக்கு மியூசிக் சிஸ்டமும், மெரூன் கலர் சீட் கவரும் போட்டுக்கிட்டோம். நான்தான் மெரூன்னு அடம் பிடிச்சேன். அந்தக் காரில்தான் இப்போ என் அக்கா ஓட்டப் பழகுறா.

எலுமிச்சம் பழ டெஸ்ட்

சாயங்காலம் ஒரகடம் பக்கத்துல வல்லக்கோட்டை முருகன் கோயில். சித்தப்பா ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் வருவாராம். வாசலில் ஒரு புது கார். மாலை, சந்தனம், நாலு சக்கரத்துக்குக் கீழேயும் நாலு எலுமிச்சம் பழம். எங்களைவிட நாலஞ்சு வயசு மூத்த ஒரு அண்ணன் டிரைவர் சீட்டில் பெருமையா உட்கார்ந்திருந்தார். வண்டி நகர்ந்தது. நாலு பழமும் 'பச்சக்!' அர்ச்சகர் சிரிச்சார்.

சித்தப்பா பக்கத்தில் போனார். பானெட்டைத் தட்டலை. "நல்ல வண்டி தம்பி. எத்தனை ஏர்பேக்?"

"சன் ரூஃப் இருக்குண்ணே!"

"அது சரி. ஏர்பேக்?"

அவர் உள்ளே குனிஞ்சு புக்கைத் தேடினார். "ஆறுண்ணே!"ன்னு சொன்னப்போ அவர் குரலில் பெருமை கொஞ்சம் ஏறியிருந்தது. சித்தப்பா பின்னாடி கதவைத் திறந்து, பெல்ட்டை ஒரு இழு இழுத்துப் பார்த்தார். "பின்னாடி உட்காரும் அம்மாவையும் போடச் சொல்லு. வர்றேன்."

பஸ் ஸ்டாப்பில் நின்னு அப்பாவுக்கு போன் போட்டேன். எல்லாத்தையும் கொட்டினேன். அவர் கொஞ்ச நேரம் பேசலை. "அப்போ ஏர்பேக்னா என்னன்னு யாருடா நமக்குச் சொன்னா?"ன்னார். அப்புறம், "வித்துடலாமா?"

"யாருக்குப்பா விப்போம்?"

மறுபடியும் அமைதி. அந்தக் கேள்விக்கு எங்க ரெண்டு பேர்கிட்டயும் பதில் இல்லை. இன்னும் இல்லை.

ஆனா, ஒண்ணு செய்ய முடிஞ்சது. அந்த ஞாயித்துக்கிழமை பின் சீட் மெரூன் கவரைக் கத்திரியால வெட்டினேன். உள்ளே, 9 வருஷமா ஒருத்தர் கையும் படாம, ரெண்டு பெல்ட் பக்கிளும் பளபளன்னு கிடந்தது. அக்கா முன்னாடி, அப்பா பக்கத்தில், நானும் அம்மாவும் பின்னாடி. நாலு 'க்ளிக்' கேட்ட பிறகுதான் வண்டி கிளம்புச்சு.

நீங்களும் போகணுமா?

● பூந்தமல்லியிலிருந்து காஞ்சிபுரம் பஸ்களில் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர் போகலாம். ஒரகடத்துக்குத் தாம்பரம் பக்கமிருந்தும் பஸ் உண்டு. ஷிஃப்ட் மாறும் நேரத்தில் போனா டிராஃபிக் பின்னும்!

● தொழிற்சாலைக்குள்ளே தனியாப் போனா கேட்டோட சரி. டிபார்ட்மென்ட் மூலமா 'இண்டஸ்ட்ரியல் விசிட்' லெட்டர் போடுங்க. போனா செல்ஃபி எடுக்கிறதோட நிறுத்தாம, வெல்டை எப்படிச் செக் பண்றாங்கன்னு கேளுங்க.

● ஸ்ரீபெரும்புதூரில் ஆதிகேசவப் பெருமாள் கோயில், 1991 மே 21 அன்று ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட இடத்தில் இருக்கும் நினைவிடம், ஒரகடம் பக்கம் வல்லக்கோட்டை முருகன் கோயில் மூணும் ஒரே நாளில் முடியும்.

● டீ குடிக்கும்போது பக்கத்தில் யூனிஃபார்ம் போட்ட அண்ணன் நின்னா பேச்சுக் கொடுங்க. நாலு வருஷ சிலபஸில் இல்லாதது நாலு நிமிஷத்தில் கிடைக்கும்!